துத்தநாக டீச்சர்

"செத்துப்போன செல் எதுனா இருக்குதா?"

என் கடையில் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துக்குள் நுழைகிற தெருமுனையில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டும், லாரி, கார் பேட்டரிகளுக்கு சார்ஜ் ஏற்றிக் கொடுத்துக்கொண்டும் இருந்தேன். டார்ச் லைட்டுக்கும் டிரான்சிஸ்டருக்கும் புது செல் வாங்க வருவார்கள். பழையதைக் கழற்றி, மேஜைக்கு அடியில் கிடக்கும் தகர டின்னில் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த டின்னைத்தான் அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல உயரம். வாயில் ரகப் பருத்திப் புடவை கட்டியிருந்தார். தோளில் குடையை மாட்டியிருந்தார், கையில் ஒயர் கூடை. முப்பது வயதுக்குள் இருக்கும்.

"எதுக்குங்க?" என்றேன்.

"பொளந்து பாக்க."

"புதுசு ஒண்ணு தர்றேன், அதைப் பொளந்து பாருங்களேன்."

"புதுசுல இன்னா தெரியும்? நல்லாத்தான் இருக்கும். இது எப்படிச் செத்துச்சுன்னு பாக்கணும்."

டின்னையே கூடையில் வைத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்துக் காலி டின்னைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். விரல் நுனி பத்தும் மை தொட்டதுபோல் கறுத்திருந்தன. அந்தக் கறுப்பு அதன்பிறகு அவர் கையை விட்டுப் போனதே இல்லை. செல்லுக்குள் இருக்கும் மாங்கனீஸ் பொடி அப்படி ஒட்டும்.

ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் மாணவர்களுக்குச் சோதனை செய்து காட்டுகிற கெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தார். சொந்த ஊர் தாமல் பக்கம், ஏரிப் பாசனத்தில் பயிர் வைக்கிற குடும்பம். எங்கள் தெருவில் நெசவாளர் ஏகாம்பரத்தின் வீட்டுப் பின்கட்டில் வாடகைக்கு இருந்தார். அவர் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதே கிடையாது. முதலில் டீச்சர் என்றோம். பிறகு அவர் வாயில் சதா வந்துகொண்டிருந்த ஒரு சொல்லை முன்னால் சேர்த்து ஊரே துத்தநாக டீச்சர் என்றது. அவர் காதில் விழும்படியே சொல்வார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

நல்லது நடந்தால் நாமெல்லாம் அதைத்தான் முதலில் சொல்வோம். அவருக்கு அது வராது. கல்லூரியில் ஆண்டு விழா எப்படி நடந்தது என்று கேட்டால், "மைக் ரெண்டு தடவை நின்னு போச்சு" என்று ஆரம்பிப்பார். என் மகளுக்கு அவர் வாங்கி வந்த பொம்மையைக் கொடுக்கும்போதே, "இதோ பாருங்கண்ணே, இந்தக் காது சீக்கிரம் கழண்டுடும்" என்றார். என் கடைக்கு வந்தால் ஓடுகிற ரேடியோவை ஏறிட்டும் பார்க்க மாட்டார். பிரித்துப் போட்டிருக்கும் ரேடியோவின் முன்னால் நின்று, "இது எங்க கெட்டுது?" என்பார். நான் காட்டினால், டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, கோயில் பிரகாரத்தில் சிற்பம் பார்க்கிறவர்போல நின்றுகொண்டே இருப்பார். ஒரு பெண் பிள்ளை கடையில் நின்றபடி டீ குடிக்கிறதே என்று போகிற வருகிறவர்கள் பார்ப்பார்கள். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியாது.

செல்லைப் பிளந்து பார்ப்பது முதலில் அவருக்கு வெறும் ஆசைதான். அதை வேலையாக மாற்றியது ஏகாம்பரம் வீட்டில் நடந்த ஒரு விபத்து.

மழைக்காலம். மதியத்திலேயே தறிவீடுகள் இருண்டுவிடும். கரண்டும் அடிக்கடி போய்விடும். மண்ணெண்ணெய் விளக்கை வைத்தால் பட்டில் புகை படியும். அதனால் ஏகாம்பரம் என்னிடம் ஒரு பேட்டரி எடுத்துக்கொண்டு போய், தறிக்கு மேலே பலகை கட்டி அதில் வைத்து, ஒரு சின்ன பல்ப் தொங்கவிட்டிருந்தார். அவரும் மனைவி கன்னியம்மாவும் மாறி மாறி அந்தத் தறியில் உட்காருவார்கள். அன்று கன்னியம்மா நெய்துகொண்டிருந்தார். ஈரத்தில் ஊறிய கயிறு நழுவிப் பலகை சாய்ந்துவிட்டது. பேட்டரியிலிருந்த ஆசிட், தறியில் ஏற்றியிருந்த நீள இழைகளான பாவின் மேலும் கன்னியம்மாவின் இடது முன்னங்கையிலும் கொட்டியது.

அலறல் கேட்டு நான் ஓடிப் போனபோது, டீச்சர் கன்னியம்மாவை முற்றத்துக்கு இழுத்து வந்து குடம் குடமாகத் தண்ணீரை அந்தக் கையில் ஊற்றிக்கொண்டிருந்தார். "விடாத, விடாத, ஊத்திக்கினே இரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் தறியடியில் நின்றிருந்தார். கல்யாணச் சேலைக்காக ஏற்றிய அரக்கு நிறப் பாவு அது. ஆசிட் பட்ட இடத்தில் இழைகள் கூழாகி, தொட்டால் விரலோடு வந்தன. அதைப் பார்ப்பதா, மனைவியைப் பார்ப்பதா என்று தெரியாமல் அவர் முகம் அங்கும் இங்கும் திரும்பியது.

கன்னியம்மாவின் கை பிழைத்தது. ஆனால் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் சுருங்கிப்போய் ஒரு தழும்பு நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று டீச்சர் என் கடைக்கு வந்தார். நான் பேசுவதற்கு முன் அவரே பேசினார்.

"உங்க பேட்டரி மேல குத்தம் இல்லண்ணே. ஆசிட் அது வேலையைத்தான் செஞ்சிது. ஆனா மனுசங்க படுத்து எழுந்திருக்கிற வீட்டுக்குள்ள அது இருக்கக் கூடாது. கொட்டினா துணியால துடைச்சிட்டுப் போற மாதிரி ஒண்ணு வேணும். உள்ள இருக்கறது ஏறக்குறைய தண்ணியா இருக்கணும்."

"அப்படி ஒண்ணு இருக்குதா டீச்சர்?"

"டார்ச் செல்லு இருக்குதே. அதுல துத்தநாகமும் மாங்கனீஸும்தான். ஆனா தீந்தா தூக்கிப் போட்டுடறோம். திரும்ப சார்ஜ் ஏத்தினா ஏறணும். அதான் இன்னும் இல்ல."

அந்த "இன்னும்" என்கிற சொல்லை அவர் சொன்ன விதம் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. இல்லை என்பதைவிட இன்னும் என்பதை அழுத்திச் சொன்னார்.

கல்லூரிச் சோதனைச்சாலை மாணவர்களுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். பின்கட்டுச் சமையலறையே ஆராய்ச்சிக்கூடம் ஆயிற்று. அடுப்பு வாசலுக்கு வந்துவிட்டது. ராஜ வீதி நாட்டு மருந்துக் கடையில் வெள்ளைத் துத்தம் வாங்குவார். அது கண் மருந்துக்கும் புண்ணுக்கும் போகிற துத்தநாக உப்பு. அதைத் தண்ணீரில் கரைத்து ஊறுகாய் ஜாடியில் ஊற்றுவார். ஒரு பக்கம் துத்தநாகத் தகடு, இன்னொரு பக்கம் கரித்தண்டைச் சுற்றி மாங்கனீஸ் பொடி, இரண்டும் ஒன்றையொன்று தொடாமலிருக்க நடுவில் ஒரு தடுப்பு. வீட்டு கரண்டில் மெதுவாக சார்ஜ் ஏற்றுவதற்கு ஒரு சின்னப் பெட்டி நான் செய்து கொடுத்தேன்.

தொல்லை எல்லாம் அந்த நடுத் தடுப்பில்தான். ஒருநாள் எனக்கு விளக்கிச் சொன்னார்.

"வெளிச்சம் குடுக்கும்போது துத்தநாகம் கரைஞ்சி தண்ணிக்குள்ள போவுது. சார்ஜ் ஏத்தும்போது அதைத் திரும்பி வான்னு கூப்பிடறோம். வருது. வர மாட்டேன்னு சொல்லலை. ஆனா தகட்டு மேல சமமாப் படியாம முள்ளு முள்ளா வளருது. அந்த முள்ளு போய்ப் போய் தடுப்பைக் குத்தி அந்தாண்ட பக்கம் தொட்டுடுது. அத்தோட ஜாடி காலி."

காகிதத்தை வைத்துப் பார்த்தார், ஊறிக் கிழிந்தது. கதர்த்துணி நைந்தது. கடைசியில் பட்டுக்கு வந்தார். ஏகாம்பரம் தறியில் மிஞ்சும் துண்டுகளைக் கொடுப்பார். கன்னியம்மா அவற்றை வேகவைத்துப் பசை போக அலசிக் காயவைத்துத் தருவார். சாயம் போட்ட துண்டு ஆகாது, நிறம் இறங்கித் தண்ணீரைக் கெடுக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு மாதம் போயிற்று. பட்டு மற்றதையெல்லாம் விட அதிக நாள் தாங்கியது. ஆனாலும் முள் விட்டது.

செத்த ஜாடிகளை அவர் எறிய மாட்டார். சமையலறையில் மளிகைச் சாமான் வைக்கிற அலமாரி முழுக்க அவைதான். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு தொங்கும். 'முள்', 'துணி நைந்தது', 'கரித்தண்டு உடைந்தது' என்று எழுதியிருக்கும். மேல்தட்டில் மட்டும் எல்லாச் சீட்டிலும் ஒரே வார்த்தை: 'தெரியவில்லை'. யாராவது வந்தால், விளக்கு எரிகிற ஜாடியை விட்டுவிட்டு அந்த மேல்தட்டைத்தான் காட்டுவார்.

இந்தச் சமயத்தில்தான் அவருடைய அண்ணன் ஒரு நாள் தாமலிலிருந்து சைக்கிளில் வந்து என் கடை முன்னால் இறங்கினார். சட்டை முழுக்க வேர்வை.

"இன்னா சார், உங்க டீச்சர் பண்ணது கேட்டீங்களா? நல்ல எடம் சார். பையன் தாலுகா ஆபீஸ்ல வேலை. பொண்ணு பாக்க வந்திருக்காங்கோ. பையனோட அம்மா சும்மா கேட்டாங்க, உனக்கு இன்னாம்மா தெரியும்னு. இது எழுந்து நின்னுக்கினு, 'முதல்ல எனக்கு வராததைச் சொல்லிடறேன்மா'ன்னு ஆரம்பிச்சிட்டா. கோலம் வராதாம். கோவத்தை அடக்க வராதாம். சமையல்கட்டுல ஜாடி வெச்சிருக்கறாளாம், கல்யாணம் ஆனாலும் அதை எடுக்க மாட்டாளாம். அந்தம்மா காபியை வெச்சிட்டு எழுந்துட்டாங்க சார்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கண் கலங்கியிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் டீச்சரிடம் கேட்டேன். அவரும் சிரித்தார். "வர்றதைச் சொல்றதுக்குள்ள போய்ட்டாங்கண்ணே" என்றார். பிறகு டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி இருந்தார். டீ ஆறி ஆடை கட்டிய பிறகு, "அந்தப் பையன் மட்டும் வாசல்ல ஒரு தடவை திரும்பிப் பாத்தாரு" என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் ஏகாம்பரத்தின் தறிக்குப் பக்கத்தில், தரையில், ஒரு மரச்சட்டத்துக்குள் வரிசையாக ஜாடிகள் உட்கார்ந்தன. அவற்றிலிருந்து போன கம்பி ஒரு சின்ன பல்பை எரித்தது. மதியம் கரண்டு போனதும் கன்னியம்மா சுவிட்சைத் தட்டுவார். மஞ்சளாக ஒரு வெளிச்சம், பெரியதொன்றுமில்லை, ஆனால் சரிகைக்கும் பட்டு இழைக்கும் வித்தியாசம் தெரிகிற அளவுக்கு விழும். கரண்டு வந்ததும் ஜாடிகளுக்கு மறுபடி சார்ஜ் ஏறும். ஒரு தரம் குழந்தை ஒன்று ஓடி வந்து ஒரு ஜாடியைத் தட்டிவிட்டது. கன்னியம்மா பதறி எழுந்தார். பிறகு ஒரு கந்தைத் துணியை எடுத்துத் தரையைத் துடைத்துக் குழந்தையின் காலைக் கழுவிவிட்டார். அவ்வளவுதான். அன்று சாயந்திரம் அவர் கடைக்கு வந்து, தழும்பேறிய கையை நீட்டி நீட்டி அதை என்னிடம் சொன்னார்.

'தண்ணி லைட்டு' என்று பேச்சு பரவியது. அக்கம்பக்கத் தறிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். "எங்களுக்கும் ஒண்ணு செஞ்சி குடு டீச்சர்" என்றார்கள். பேச்சு எங்கள் வார்டு கவுன்சிலரின் காதுக்கும் எட்டியது. பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பம், கட்சியில் வளர்ந்துகொண்டிருந்தவர். நல்ல மனிதர்தான். வந்து பார்த்து அசந்துபோனார். பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு கூட்டம் போடுவது, எல்லார் முன்னிலையிலும் விளக்கை ஏற்றுவது, மெட்ராஸிலிருந்து ஓய்வுபெற்ற விஞ்ஞானப் பேராசிரியர் ஒருவரை அழைத்து வந்து நாலு வார்த்தை பேசவைப்பது, பிறகு மந்திரியிடம் சொல்லி டீச்சருக்கு ஒரு ஆராய்ச்சிக் கட்டடம் வாங்கித் தருவது என்று அங்கேயே நின்றபடி திட்டம் போட்டார்.

"ஒண்ணே ஒண்ணு டீச்சர். ஜாடிக்கு மூடி போட்டுடுங்க. வண்டியில ஏத்தினா சிந்தாம இருக்கணும்ல? தெருத்தெருவாக் குடுக்கப்போறோம்."

டீச்சர் மூடி போட்டுப் பார்த்தார். கூட்டத்துக்கு முந்தின வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த ஜாடி ஒன்றின் மூடி தெறித்துப் போய்க் கூரையின் ஓடு ஒன்றை உடைத்தது. வீட்டில் அப்போது அவர் மட்டும்தான் இருந்தார். நேரே என்னிடம் வந்தார். தலைமுடியில் ஓட்டுத் தூசி.

"உள்ள காத்து உண்டாவுதுண்ணே. ஹைட்ரஜன். கொஞ்சமாத்தான் உண்டாவுது. திறந்து வெச்சப்ப போய்க்கினே இருந்திருக்குது, எனக்குத் தெரியலை. மூடினா அடைஞ்சிக்குது. பக்கத்துல யாராவது அடுப்பு பத்த வெச்சாங்கன்னா..."

"டீச்சர், கூட்டம் முடியட்டும்" என்றேன். "கட்டடம் வரட்டும். அப்புறம் நிதானமா சரி பண்ணிக்கலாம். இப்ப சொன்னா எல்லாம் கெட்டுப் போவும்."

"கெட்டதைத்தானேண்ணே சொல்லணும்?" என்றார். விவாதம் செய்கிற குரலில் சொல்லவில்லை. நான் கேட்டது அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். 'தண்ணீரில் எரியும் விளக்கு' என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். தறியை நிறுத்திவிட்டுச் சனம் வந்திருந்தது. முன்வரிசையில் கன்னியம்மா புதுப் புடவையில் உட்கார்ந்திருந்தார். மேடையில் விளக்கு எரிந்தபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மெட்ராஸ் பேராசிரியர் மட்டும் நாற்காலியில் சாய்ந்து, இதில் என்ன ஏமாற்று வேலை இருக்கிறது என்பதுபோல் ஜாடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கவுன்சிலர் பேசி முடித்து மைக்கை டீச்சரிடம் கொடுத்தார்.

"முதல்ல ஆவாததைச் சொல்லிடறேன்" என்றார் டீச்சர்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தண்ணியில எரியற விளக்குன்னு எழுதியிருக்குது. அது தப்பு. வெளிச்சம் குடுக்கறது துத்தநாகமும் மாங்கனீஸும். அதுங்க தண்ணியிலருந்து செஞ்சது இல்ல. தண்ணி வழி விடுது, அவ்ளோதான். அடுத்தது, இது கொஞ்ச நாளைக்குத்தான் எரியும். அப்புறம் உள்ள முள்ளு வளர்ந்து செத்துடும். அதை நிறுத்த எனக்கு இன்னும் தெரியலை. மூணாவது, இதுல காத்து உண்டாவுது. போன வாரம் மூடி தெறிச்சி என் வீட்டு ஓடு உடைஞ்சிடுச்சி. அதனால யாரும் இதை இப்ப வீட்டுல வெக்காதீங்க. ஏகாம்பரம் வீட்டுல வெச்சதையும் இன்னிக்கு எடுத்துடறேன்."

பின்னாலிருந்து ஒருவர், "அப்ப எதுக்கும்மா கூட்டம் போட்டீங்க?" என்று கத்தினார்.

"நான் போடலீங்க" என்றார் டீச்சர். சிலர் சிரித்தார்கள். கவுன்சிலரின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேடையை விட்டு இறங்கிப் போனார். அவரோடு பாதிக் கூட்டமும் கலைந்தது.

டீச்சர் இறங்கவில்லை. பையிலிருந்து ஒரு செத்த ஜாடியை எடுத்தார். மேஜை மேலேயே அதைப் பிரித்தார். நடுவிலிருந்த பட்டுத் துண்டை உதறி, "இங்க வந்து பாருங்க, இதுதான் முள்ளு" என்று நீட்டினார். ஒரு வயதான தறிக்காரர் எழுந்து வந்து அதை வாங்கிக் கண்ணருகில் பிடித்தார்.

"இது நம்ம பட்டாச்சே. எலி கடிச்சாப்ல இருக்குது."

"எலி இல்லீங்க, துத்தநாகம்."

அவ்வளவுதான், ஒருவர் பின் ஒருவராக மேடையைச் சுற்றிக்கொண்டார்கள். துணியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். இழை அறுந்தது ஏன், குறுக்கே ஓடும் ஊடை தளர்வா, ஈரத்தில் உப்பியதா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பாதிக்கு மேல் ஒன்றுக்கும் உதவாத யோசனை. டீச்சர் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். விளக்கு எரிந்தபோது அவர் முகத்தில் இல்லாத சந்தோஷம் அப்போது இருந்தது. பேராசிரியரும் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, கூட்டத்துக்கு நடுவில் தலையை நீட்டிக்கொண்டிருந்தார்.

கன்னியம்மா மட்டும் வரவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

அன்று பொழுது சாய்வதற்குள் டீச்சர் தறியடியிலிருந்து ஜாடிகளை எடுக்கப் போனார். சுமை தூக்க நானும் கூடப் போனேன். கன்னியம்மா மரச்சட்டத்தின் முன்னால் நின்றுகொண்டார்.

"மூடி போட்டாதானே தெறிக்குது? இது மூடி இல்லாமதானே இருக்குது? இத்தினி நாளா ஒண்ணும் ஆவலையே."

"ஆவலை. ஆனா முள்ளு குத்தி உள்ள ஒட்டிக்கிச்சின்னா சூடாவும். அன்னிக்கு இங்க இன்னா நடக்கும்னு எனக்குத் தெரியாது கன்னியம்மா."

"நான் தெரிஞ்சேதான் வெச்சிக்கறேன்றேன். எனக்கு வெளிச்சம் வேணும். உனக்கு உன் உண்மைதான் பெருசு. எங்களுக்கு இந்த மழையில தறி ஓடணும்."

"உன் கையை நான்தான் கழுவினேன்" என்றார் டீச்சர். "இன்னொரு தடவை என்னால முடியாது."

கன்னியம்மா வழி விட்டார். ஆனால் அன்றிலிருந்து அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரே வீடு, ஒரே கிணறு, ஒரே வாசல். எதிரெதிரே வந்தால் கன்னியம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஊர் கேலி செய்ததையோ, கல்லூரியில் கூப்பிட்டுக் கண்டித்ததையோ டீச்சர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இது மட்டும் அவரை அறுத்தது. சில நாள் கடைக்கு வந்து எதுவும் கேட்காமல் நின்றுவிட்டுப் போவார்.

கட்டடம் வரவில்லை. ஆனால் அந்தப் பேராசிரியர் மறுநாளும் ஊரில் தங்கிவிட்டார். காலையில் பின்கட்டுக்குப் போனவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்து, 'தெரியவில்லை' தட்டிலிருந்த ஜாடிகளை ஒவ்வொன்றாக இறக்கச் சொல்லிப் பார்த்தார். மதியச் சாப்பாட்டையும் மறந்துவிட்டார். போகும்போது என் கடையில் சோடா குடித்தார். "செய்து காட்டுகிறேன் என்று சொல்பவர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். எங்கே தவறியது என்று இவ்வளவு ஒழுங்காக வைத்திருப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை" என்றார். சில மாதங்கள் கழித்து, தெற்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டீச்சருக்கு வேலை வந்தது.

அங்கே அவர் என்ன செய்தார், முள்ளை நிறுத்தினாரா என்பதெல்லாம் எனக்கு முழுதாகத் தெரியாது. பொங்கலுக்குப் பொங்கல் ஒரு கார்டு வரும். இது ஆகவில்லை, அது ஆகவில்லை என்று இருக்கும். கடைசி வரியில் எல்லோரையும் விசாரித்திருப்பார். பிறகு நானும் கடையை மூடிவிட்டு மகளோடு வெளியூர் போய்விட்டேன். இப்போது வெயிலையும் காற்றையும் கரண்டாக்கி, துத்தநாகமும் உப்புத் தண்ணீரும் நிறைந்த பெரிய தொட்டிகளில் சேர்த்துவைக்கப் பார்க்கிறார்கள் என்று பேப்பரில் படிக்கிறேன். முள் வளர்கிற பிரச்சினை இன்னும் இருக்கிறது என்றும் போட்டிருக்கிறார்கள். அதைப் படிக்கும்போது, அதில் உழைக்கிற முகம் தெரியாத மனிதர்களெல்லாம் எனக்கு உறவுக்காரர்கள்போல் தோன்றுகிறார்கள்.

ஆனால் டீச்சர் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது அவர் ஊரை விட்டுப் போன காலைதான்.

பஸ் ஸ்டாண்டில் நானும் ஏகாம்பரமும் டீச்சரின் அண்ணனும் நின்றிருந்தோம். துணிமணி ஒரே ஒரு பெட்டி. செத்த ஜாடிகள் வைக்கோல் திணித்த நாலு மரப்பெட்டி. அவற்றைக் கூரைமேல் ஏற்றக் கூடாது, உள்ளேதான் வைக்க வேண்டும் என்று டீச்சர் பிடிவாதம் பிடித்தார். கண்டக்டர் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, ஊறுகாயா?"

"ஆமாப்பா. இன்னும் ஊறலை."

பெட்டிகள் ஏறின. டீச்சர் படியில் ஒரு காலை வைத்தபோது கன்னியம்மா வந்தார். ஓட்டமும் நடையுமாக வந்ததில் மூச்சு வாங்கியது. கக்கத்தில் ஒரு மூட்டை. எங்கள் யாரையும் பார்க்காமல் நேரே டீச்சரிடம் போய் அதை நீட்டினார். அத்தனை மாதத்துக்குப் பிறகு அவர் டீச்சரிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"சாயம் போடலை. சரிகை கிடையாது. பசை போக ரெண்டு தடவை வேகவெச்சி எடுத்திருக்கேன். இழையை நெருக்கி நெருக்கி அடிச்சேன், ஊசி நுழையாதபடிக்கு."

டீச்சர் மூட்டையைப் பிரித்தார். வெறும் வெள்ளைப் பட்டு. கரை இல்லை, முந்தானை இல்லை, பூ இல்லை. காஞ்சிபுரத்தில் யாரும் அப்படி ஒரு துணியை நெய்ய மாட்டார்கள், யாரும் வாங்கவும் மாட்டார்கள். ஏகாம்பரம் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். தறியில் என்ன ஏறியிருந்தது என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்.

டீச்சர் அவர் வழக்கப்படி துணியை உயரத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்தார். ஓட்டை எங்கே, இழை எங்கே தளர்ந்திருக்கிறது என்று ஒரு ஓரத்திலிருந்து தேட ஆரம்பித்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். டீச்சர் தேடிக்கொண்டேயிருந்தார். அவர் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக் கை காலியாக இல்லை.

"குத்தம் ஒண்ணும் தெரியலையே, கன்னியம்மா" என்றார்.

"நல்லாப் பாரு டீச்சர். எங்கனா இருக்கும்" என்றார் கன்னியம்மா. "தெரிஞ்சா எழுதிப் போடு. வேற நெய்யறேன்."